எந்த வெட்டு?

ரப்பர் விலை கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், நம் குடும்பங்களில் பழைய நிலப் பேச்சு கிளம்பிவிடும். "தாத்தாவோட கித்தா காடு இன்னும் இருக்கா?", "அந்த மூணு ஏக்கர் யார் பேர்ல இருக்கு?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் வரும். விலை இறங்கியதும் குழுவில் பழையபடி காலை வணக்கமும் சாமி படமும் மட்டும்தான்.

கேலாங் பாத்தா என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு இரண்டாவது பாலமும் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகமும் லெகோலாந்தும்தான் நினைவுக்கு வரும். பாலம் 1998இல் திறந்தது, லெகோலாந்து 2012இல். இந்தப் பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால், செம்பனைக்கு நடுவில், லாலாங் மண்டிய ஒற்றையடிப் பாதையின் முடிவில் இன்னும் சில கித்தா துண்டுகள் நிற்கின்றன. பெரிய தோட்டங்கள் வீடமைப்புக்குப் போய்விட்டன. சிறுதோட்டக்காரர்களின் துண்டுகள் மட்டும், விற்கவும் மனமில்லாமல் வெட்டவும் ஆளில்லாமல் கிடக்கின்றன. நாடு முழுக்க இதுதான் நிலை. மலேசியாவின் ரப்பர் பரப்பில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் இன்று சிறுதோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது.

அப்படி ஒரு துண்டு என் அத்தையிடம் இருக்கிறது. நாலு ஏக்கர், உலு சோ பக்கம் போகும் வழியில். மாமா கிராணி வேலையில் இருந்தபோது வாங்கிப் போட்டது. 1988இல் கன்று நட்டார்கள், 1995இல் முதல் வெட்டு. அத்தையும் மாமாவும் 2006 வரை தாங்களே வெட்டினார்கள். மாமா போன பிறகு பாதிப் பங்குக்கு ஒருவரிடம் விட்டார்கள். அவரும் 2014இல் நிறுத்திவிட்டார். அதன் பிறகு மரங்களை யாரும் தொடவில்லை.

அத்தையின் இளைய மகன், என் மச்சான், துவாஸில் பொறியாளர். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடக்கிற கூட்டத்தில் ஒருவன். நில வரி ரசீதைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டான்: "மா, அந்த மரங்கள வெட்டிறலாமா?"

"எந்த வெட்டு? பால் வெட்டா, மர வெட்டா?" என்றார் அத்தை.

அவன் கேட்டது மர வெட்டு. ஒரு குத்தகைக்காரர் ஏற்கெனவே விலை சொல்லியிருந்தார். மருந்து தடவி இரண்டு வருடம் முழு மூச்சாகப் பால் எடுப்பார், பிறகு மரத்தைச் சாய்த்துப் பலகைக்கு ஏற்றிவிடுவார். மொத்தத் தொகையில் பாதி முன்பணம். மச்சான் எக்செல்லில் போட்டுப் பார்த்து, "இதுதான் கணக்கு" என்று முடித்துவிட்டான். "கணக்க அப்புறம் பாப்போம். மொதல்ல மரத்தப் பாப்போம்" என்றார் அத்தை. எழுபத்தொரு வயது, இரண்டு முட்டியும் வலி. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார். கையில் ஒரு பாராங்கும் பழைய துணியில் சுற்றிய பால்வெட்டுக் கத்தியும்.

ஏற்கெனவே வெட்டிய பெரிய மரத்தில் மறுபடி பால் எடுப்பது, புது மரத்தில் எடுப்பதைவிட நுட்பமான வேலை. புது மரத்தில் பட்டை வழவழப்பாக, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். பழைய மரத்தின் பட்டையில் முன்னால் வெட்டியவர் கை பதிந்திருக்கும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

கித்தா மரத்தில் பால் இருப்பது கட்டைக்குள் அல்ல, பட்டையில். வெளிப்பட்டை கரடு. அதற்கு உள்ளே, கட்டையை ஒட்டிய மென்பட்டையில்தான் பால் குழாய்கள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கின்றன. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம்போல ஒரு வளர்படை. மரம் பருப்பதும் புதுப் பட்டை வருவதும் அதனால்தான். நல்ல பால்வெட்டுக்காரர் அந்தப் படைக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இடம் விட்டுக் கத்தியை நிறுத்துவார். அதற்கு மேலே நிறுத்தினால் பால் குறையும். தாண்டிவிட்டால் கட்டை தெரியும், அதுதான் காயம். தோட்டத்தில் வேலை செய்த எல்லாருக்கும் இந்தச் சொல் தெரியும். மண்டோர் மரம் மரமாக வந்து காயம் எண்ணுவார். அத்தைக்கு இன்றும் "காயம்" என்றால் விரலில் படுவது இல்லை, மரத்தில் படுவது.

வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, முப்பது பாகை சரிவில் இறங்கும். ஏன் அப்படி என்று பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. பால் குழாய்கள் செங்குத்தாகப் போவதில்லை. வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அதற்கு எதிர்ச் சாய்வில் கோடு போட்டால்தான் ஒரே வெட்டில் அதிகமான குழாய்கள் திறக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொரு முறையும் ஒன்றேகால், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை மட்டும் சீவினால் வருடத்துக்கு ஒரு சாண் அளவு பட்டை போகும். தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கும் வெட்டு, அடி வரைக்கும் இறங்க ஐந்தாறு வருடம் ஆகும். பிறகு மரத்தின் மறுபாதி, இன்னொரு ஐந்தாறு வருடம். அதற்குள் முதல் பாதியில் புதுப் பட்டை வளர்ந்து, மறுபடி வெட்டத் தயாராகிவிடும்.

அதாவது, முதல் தடவை காயம் படாமல் வெட்டியிருந்தால்.

இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர் ஹென்றி ரிட்லி. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாளராக வந்தவர். அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திக் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்திய இடமெல்லாம் முண்டும் முடிச்சுமாகி மரம் சீக்கிரமே பயனற்றுப்போகும். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை வெறும் 22 கன்றுகள். அவற்றின் வழிவந்த மரங்களில் ரிட்லி பல வருடம் சோதனை செய்தார். ஒரே வெட்டுக்கோட்டின் விளிம்பை மெல்லச் சீவிச் சீவித் திறந்தால் மரமும் பிழைக்கிறது, அடுத்தடுத்த வெட்டில் பாலும் கூடுகிறது என்று கண்டார். பையில் விதைகளை நிரப்பிக்கொண்டு, பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் "நடுங்கள், நடுங்கள்" என்று திணித்ததால் "பைத்தியக்கார ரிட்லி" என்று பட்டம் வேறு. அவர் நூறு வயது வாழ்ந்து 1956இல் இறந்தார். அவர் கண்ட முறையைக் கையில் எடுத்து, விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு இந்த நாட்டின் லட்சக்கணக்கான மரங்களை வெட்டியவர்கள் யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரிட்லிக்குப் பட்டமும் புத்தகமும் கிடைத்தன. காயம் படாமல் நாற்பது வருடம் வெட்டிய கைகளுக்கு லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது.

சரி, காட்டுக்கு வருவோம்.

அத்தை முதல் மரத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். ஒரு பக்கம் வழவழப்பு. "இது நானும் உங்க மாமாவும் வெட்டினது." சுற்றி வந்து மறுபக்கத்தில் கை வைத்ததும் முகம் மாறியது. அங்கே பட்டை கட்டி கட்டியாகப் புடைத்து, கோவில் தூண் சிற்பம் சிதைந்ததுபோல இருந்தது. பங்குக்கு எடுத்தவர் அவசரத்தில் ஆழமாக வெட்டியிருக்கிறார். வளர்படை கிழிந்த இடத்தில் மரம் தாறுமாறாக மூடிக்கொண்டுவிட்டது. அந்தப் புடைப்பில் கத்தி சீராக ஓடாது, பாலும் கோட்டில் வராமல் வழிந்து தரையில் கொட்டும்.

சில மரங்களில் இன்னொரு தொல்லை. பட்டை பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் அத்தை கத்தி நுனியால் சிறிதாகக் கீறிப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறம், பால் ஒரு சொட்டுகூட இல்லை. அளவுக்கு மீறி வெட்டிய மரம், மருந்து அதிகம் தடவிய மரம் இப்படி வற்றிப்போகும். இதற்கு நிச்சயமான வைத்தியம் கிடையாது. ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம், வேறு பக்கம் முயலலாம். பதினோரு வருட ஓய்வுக்குப் பிறகும் வற்றியே இருக்கிற மரத்தை என்ன செய்வது?

"எல்லாத்தையும் கீறிப் பாக்கணுமா அத்த?" என்று கேட்டேன்.

"பின்ன? பொண்ணு பாக்கப் போனா ஒருத்தியப் பாத்துட்டு ஊரையே முடிவு பண்ணுவியா?"

மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. மச்சான் கைப்பேசியில் குறித்தான், நான் சாயம் பூசினேன். நின்ற மரம் மொத்தம் 412. அதில் 268 மரத்தில் கீழ்ப்பட்டை மறுபடி வெட்டும் அளவுக்கு நன்றாக இருந்தது. 71 மரத்தில் கீழே காயம் அதிகம், ஆனால் 150 சென்டிமீட்டருக்கு மேலே யாரும் தொடாத கன்னிப் பட்டை. அங்கே கோட்டைக் கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மேல்வெட்டு என்பார்கள். நீளக் கைப்பிடிக் கத்தி வேண்டும், அண்ணாந்து வெட்ட வேண்டும், கழுத்து ஒடியும். பால் நன்றாக வரும், வெட்டத் தெரிந்த ஆள்தான் குறைவு. மீதி 73 மரம் வற்றியது அல்லது உள்ளே உளுத்தது.

கனடாவில் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது மேப்பிள் பாகு புட்டி கொண்டுவருகிறார்கள். தோசைக்குத் தொட்டுக்கொள்ள வைத்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதுவும் மரத்திலிருந்து இறக்குவதுதான். குளிர் முடியும் நேரத்தில், இரவில் உறைந்து பகலில் உருகும் சில வாரங்கள் மட்டும் சாறு ஓடும். மரத்தில் விரல் நுழையாத சிறு துளை போட்டு, குழாய் செருகி எடுக்கிறார்கள். நாற்பது லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. உலகப் பாகில் பெரும்பங்கு கியூபெக் மாநிலத்திலிருந்து வருகிறது.

அவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. தாத்தா காலத்திலிருந்து துளை போட்ட பெரிய மரம். எங்கே போட்டார், எங்கே போடவில்லை? மேப்பிள் சாறு கட்டைக்குள் ஓடுவது. துளை போட்ட இடத்தை மரம் ஆற்றிக்கொள்வதில்லை, சுவர் எழுப்பி ஒதுக்கிவிடுகிறது. துளைக்கு மேலும் கீழும் பழுப்பேறிய ஒரு பட்டை, அதில் இனி எப்போதும் சாறு ஓடாது. வெளியே புதுக் கட்டை வளர்ந்து மூடிவிடுவதால் பார்வைக்குத் தெரியாது. அதனால் துளை போடும்போது வெளியே வரும் தூளைப் பார்ப்பார்கள். வெள்ளையாக வந்தால் நல்ல இடம், பழுப்பாக வந்தால் பழைய காயம். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அங்கயும் கீறித்தான் பாக்குறாங்களா?" என்று கேட்டு, பாகு புட்டியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். தொட்டுக்கொள்ளவில்லை.

இனி மச்சானின் கணக்கு. இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் அப்படியே தருகிறேன்.

268 மரம். பழைய மரத்துக்கு ஒரு வெட்டுக்கு உலர்ந்த ரப்பர் 30 கிராம் என்று அடக்கமாக வைத்தோம். ஒரு நாளுக்கு எட்டு கிலோ. மங்கிலேயே உறைய விட்டுக் கட்டிப்பாலாக விற்றால் ஈரத்தோடு 16 கிலோ. கிலோ 3 வெள்ளி என்றால் 48 வெள்ளி. வெட்டுகிறவருக்குப் பாதி போக 24. ஒருநாள் விட்டு ஒருநாள், மழை நாள் கழித்து மாதம் பன்னிரண்டு வெட்டு. ஆக 288 வெள்ளி. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது அதுவும் குறையும், நவம்பர், டிசம்பர் மழையில் பட்டை நனைந்தால் வெட்டவே முடியாது.

"இது என் ஒரு மாசச் செலவுக்குக் காணாதுமா" என்றான் மச்சான். அத்தை சொன்னார், "எனக்குக் காணும்." மருந்து, கேஸ், கோவில் சந்தா, பேரப்பிள்ளைகளுக்கு அங்பாவ். பிள்ளைகளிடம் கேட்காமல் எடுத்துச் செலவழிக்க ஒரு தொகை. அதன் மதிப்பை எக்செல்லில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

குத்தகைக்காரர் சொன்ன வழி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய தோட்டங்களிலும் மறுநடவுக்கு முந்திய இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் செய்வார்கள். எப்படியும் சாயப்போகிற மரம், பட்டையைச் சேமித்து என்ன பயன்? எத்ரல் என்று நாம் சொல்லும் மருந்தும் கெட்டதில்லை. வெட்டுக்குப் பிறகு குழாய்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் தானாக அடைத்துக்கொள்ளும். மருந்து அந்த அடைப்பைத் தள்ளிப்போடுகிறது. அளவாகத் தடவி, வெட்டு நாளைக் குறைத்தால் பழைய மரத்துக்கு நல்லதுதான். இந்தப் பேச்சில் எனக்கு இடித்தது வேறொன்று. மரத்தைச் சாய்க்கும் தேதி ஒப்பந்தத்தில் இல்லை. பாலை உறிஞ்சிவிட்டு, பலகை விலை சரியில்லை என்று அவர் போய்விட்டால், வற்றிய 400 மரத்தை வைத்துக்கொண்டு அத்தை என்ன செய்வார்? சாய்த்தாலும் அடுத்த வரும்படி எப்போது? செம்பனை என்றால் மூன்று வருடம், கித்தா என்றால் ஆறேழு வருடம். எழுபத்தொன்றில் ஆறைக் கூட்டிப் பாருங்கள்.

கடைசியில் நிலத்தைப் பிரித்தார்கள். வற்றிய மரங்கள் பெரும்பாலும் ஓடைப் பக்கத்து ஒரு ஏக்கரில்தான். அந்த ஏக்கரை மட்டும் சாய்த்து மறுநடவு செய்ய ரிஸ்டாவில் விண்ணப்பம். சாய்க்கும் தேதி போட்டு, பணம் கைக்கு வந்த பிறகே மரம் ஏற்றலாம் என்று எழுதி, பலகைக்கு வேறு ஒரு வியாபாரி. மீதி மூன்று ஏக்கரில் பழையபடி பங்கு வெட்டு. மருந்து முதல் வருடம் கிடையாது. மேல்வெட்டு 71 மரமும் ஆள் கிடைக்கும்வரை சும்மா நிற்கட்டும்.

இப்படி ஒரு துண்டு வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றைப் பாருங்கள். பால் விற்க மலேசிய ரப்பர் வாரியத்தின் "பாட்-ஜி" உரிம அட்டை வேண்டும். விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அரசாங்கம் தரும் உற்பத்தி ஊக்கத்தொகைக்கும் அதுதான் ஆதாரம். அந்த அளவை 2024 வரவு செலவுத் திட்டத்தில் 2.70 வெள்ளியிலிருந்து 3 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். மாமா பெயரில் இருந்த பழைய அட்டையை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை, நிலப்பெயர் மாற்றமே முடியாமல் இருந்தது. மரத்தைப் பார்க்க மூன்று ஞாயிறு, காகிதத்துக்கு நாலு மாதம்.

வெட்ட இந்தோனேசியர் ஒருவர் வந்தார். பக்கத்துச் செம்பனையில் வேலை பார்க்கிறவர், ஊரில் அப்பாவோடு கித்தா வெட்டியிருக்கிறாராம். அத்தை அரைகுறை மலாயில் அவரிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. கத்தியைக் கையில் கொடுத்து மூன்று மரம் வெட்டச் சொன்னார். வெட்டி முடித்ததும் மங்கில் வடிந்த பாலை அவர் பார்க்கவே இல்லை, குனிந்து கீழே விழுந்த சீவலைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கோட்டில் விரல் ஓட்டினார்.

பால் கொஞ்சமாக, கெட்டியாக வந்தது. மச்சான் முகம் தொங்கிவிட்டது. "ஓய்ஞ்சு கெடந்த மரம்டா. நாலஞ்சு வெட்டு போனாத்தான் தண்ணியா ஓடும். மொத நாள் பாலப் பாத்து யாரும் கணக்குப் போடாதீங்க" என்றார் அத்தை. வந்தவரிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மூன்றாவது மரத்தில் கோடு முடியும் இடத்தைக் காட்டி, "சினி, சிக்கிட் லாகி" என்று கத்தியை வாங்கி ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். முட்டி வலிக்கிற பாட்டிக்கு அந்த நேரம் முட்டி வளைந்தது.

மங்கும் கம்பியும் புதிதாக வாங்கியாகிவிட்டது, 268 மரத்துக்கு. திங்கட்கிழமை வெட்டு தொடங்குவதாக இருந்தது. ஞாயிறு இரவெல்லாம் மழை. பட்டை காயட்டும், புதன்கிழமை பார்க்கலாம் என்று அத்தை சொல்லிவிட்டார்.